பழைய அம்பாசிடர்: பிரேக் லைட் சுவிட்ச் கிடைக்கல, எதைப் போட்டு ஒப்பேத்தலாம்?

உச்சிப்புளி_மார்க்3:

வண்டி 1977 அம்பாசிடர் மார்க் 3. நாலு சக்கரமும் டிரம், ஒரே லைன், பூஸ்டர் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றுவது) டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே. பிரேக் லைட் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய வகை. சேசிஸில் பைப் பிரிகிற பித்தளை ஜங்ஷனில் முறுக்கியிருக்கு.

முதலில் அழுத்தி மிதித்தால்தான் லைட் எரிந்தது. இப்போ ஓங்கி மிதித்தாலும் ஒரு பக்கம் மினுக்கென்று எரிந்து அணையுது. இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டால் இரண்டு லைட்டும் பளிச்சென்று எரியுது, அதனால் பல்பு, எர்த்தில் பழுதில்லை. சுவிட்ச் முனையைத் துடைத்தால் விரலில் பிசுபிசுப்பு, பிரேக் ஆயில் வாடை.

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எஞ்சின் ஆயில் பிரஷர் சுவிட்சை எடுத்துக் கொடுத்து, "இதே மரைதான், போடுங்க" என்றார்கள். நாலு சுற்று போகுது, அப்புறம் இறுகுது. போடலாமா? இல்லை என்றால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டு பெடலில் வேறு சுவிட்ச் வைக்கலாமா? கையோடு, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலோ ஆயில் குறைந்தாலோ டேஷ்போர்டில் ஒரு சிவப்பு லைட் எரிகிற மாதிரி செய்யவும் ஆசை.

பித்தளை_பட்டறை:

ஆயில் பிரஷர் சுவிட்சைப் போடாதீங்க. மூன்று காரணம், மூன்றுமே தனித்தனியாகவே போதும்.

ஒன்று, அது தலைகீழாக வேலை செய்யும். எஞ்சின் நிற்கும்போது சிவப்பு லைட் எரியணும், அழுத்தம் வந்ததும் அணையணும் என்று செய்த பொருள் அது. பிரேக்கில் மாட்டினால் மிதிக்காதபோது எரியும், மிதித்தால் அணையும். பாதிக்கு மேல் அந்த சுவிட்சுகளுக்கு ஒரே முனைதான், உடம்பே எர்த். உங்கள் இரண்டு ஒயருக்கு அது ஒத்தே வராது.

இரண்டு, எஞ்சின் ஆயில் அழுத்தம் 4, 5 பார். பிரேக்கை ஓங்கி மிதித்தால் லைனில் 70 பாருக்கு மேல் ஏறும், அதாவது 1000 பிஎஸ்ஐ தாண்டும். உள்ளே இருக்கும் சவ்வு தாங்காது.

மூன்று, அந்தச் சவ்வும் ரப்பரும் பெட்ரோலிய ஆயிலுக்கு ஏற்றவை. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அதில் ஊறினால் அந்த ரப்பர் உப்பிப் போகும். பிரேக் ஆயிலுக்கு ஈபிடிஎம் ரப்பர்தான். இந்த வண்டியில் சவ்வு கிழிந்தால் ஆயில் அவ்வளவும் அந்த ஓட்டை வழியே போகும். ஒரே லைன் என்பதால் நாலு சக்கரத்துக்கும் சேர்த்துப் பிரேக் இல்லை.

அடுத்து மரை. "நாலு சுற்று போகுது, இறுகுது" என்பதை வைத்து மரை சரி என்று முடிவு கட்டாதீங்க. இந்த அளவில் நாலு மரைகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்:

1/8 என்பிடி: அங்குலத்துக்கு 27 மரை, வெளி விட்டம் சுமார் 10.3 மிமீ, கூம்பு மரை, கோணம் 60 டிகிரி.
1/8 பிஎஸ்பி: 28 மரை, 9.7 மிமீ, கோணம் 55. குழாய்க் கடையில் கிடைப்பது இதுதான்.
எம்10x1: 10 மிமீ, நேர் மரை, பிட்ச் 1 மிமீ.
3/8 யுஎன்எஃப்: 9.5 மிமீ, நேர் மரை, 24 மரை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 3/16 பிரேக் பைப் நட்டில் இருப்பது.

பழைய பிரிட்டிஷ் வகை சுவிட்சில் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். ஆனாலும் உங்களுடையதை அளந்து பாருங்க, 40 வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் ஜங்ஷனை எவர் எப்போது மாற்றினார் என்று சொல்ல முடியாது. 27க்கும் 28க்கும் 10 மிமீ நீளத்தில் அரை மரைகூட வித்தியாசம் வராது. அதனால்தான் தப்பான மரையும் நாலு சுற்று இனிமையாகப் போகிறது. வெர்னியரில் நுனியிலும் அடியிலும் விட்டம் பாருங்க. அடி தடித்திருந்தால் கூம்பு. பிட்ச் கேஜை (மரை இடைவெளி அளக்கும் பல் தகடு) மரையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது.

கூம்பு மரை சுவிட்சை நேர் மரை ஓட்டையில் இறுக்கினால் ஆப்பு அடித்த மாதிரி பித்தளை ஜங்ஷன் விரியும். விரிசல் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நேர் மரை என்றால் தோளுக்கு அடியில் செம்பு வாஷர், ஒவ்வொரு தடவையும் புதுசு. கூம்பு மரைக்கு வாஷர் வேண்டாம். வெள்ளை டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதன் நார் பிய்ந்து, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் சின்னத் துளையில் போய் அடைக்கும். கையால் இறுகியபின் ஸ்பேனரில் ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று.

சரியான மாற்று வேண்டுமென்றால் 'ஹைட்ராலிக் ஸ்டாப் லைட் சுவிட்ச், இரண்டு முனை, 1/8 என்பிடி' என்று கேளுங்க. வண்டிப் பெயர் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். மதுரையில் தேடுங்க, இல்லையென்றால் சென்னையில் ஜிபி ரோடு, புதுப்பேட்டை. பழைய சுவிட்சைக் கையில் எடுத்துப் போங்க.

உப்புக்காத்து:

பட்டறைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது ஹைட்ராலிக் சுவிட்ச் கிடைத்தாலும் அதை நம்பி மட்டும் விடாதீங்க. அந்த சுவிட்ச் எரிந்து போவதற்குக் காரணமே கரண்ட். பின்னால் இரண்டு 21 வாட் பல்பு, சேர்த்து 42 வாட், 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். உள்ளே இருக்கிற சின்னத் தகடு ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். கருகக் கருக அதிக அழுத்தம் தேவைப்படும். உங்கள் வண்டியில் நடந்தது அதுதான், அதோடு சவ்வும் கசிந்துவிட்டது.

ஒரு ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) போட்டால் சுவிட்ச் வழியே போவது காயிலுக்கான 0.15 ஆம்பியர் மட்டும். நாலு கால் ரிலே போதும், எண்கள் அதன் காலருகே எழுதியிருக்கும்:

30: ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து நேராக, தனி 10 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து.
87: பின் லைட்டுக்குப் போகும் ஒயர். ஒயரிங் மாற்றாத வண்டியில் பச்சையில் ஊதாக் கோடு போட்டது.
86: சுவிட்சிலிருந்து வருவது. சுவிட்சுக்கு வரும் சப்ளை பழைய பச்சை ஒயரே இருக்கட்டும்.
85: எர்த்.

லைட் பக்கம் 1.5 சதுர மிமீ ஒயர், காயில் பக்கம் 0.75 போதும். ரிலேயைக் கால் கீழே பார்க்கும்படி மாட்டுங்க. தலைகீழாக மாட்டினால் தண்ணீர் உள்ளே தேங்கும். நம்ம பக்கம் தண்ணீர்கூட வேண்டாம், காற்றே போதும். பாம்பன் பாலத்தில் ஒருதடவை போய் வந்தால் கண்ணாடியில் படிகிற உப்பு ரிலேக் காலிலும்தான் படியும். அதனால் டேஷ்போர்டுக்கு உள்ளே வையுங்க, எஞ்சின் பக்கம் வேண்டாம். எர்த் முனையைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்க. முதலில் கிரீஸ், அப்புறம் போல்ட் என்று செய்யாதீங்க.

டைனமோ வைத்த பழைய வண்டி என்றால் பேட்டரியில் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கு என்று பார்த்துக்கோங்க. பாசிட்டிவ் எர்த் என்றால் உள்ளே டையோடு வைத்த ரிலே எடுக்கக் கூடாது, சாதா ரிலேக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

ஸ்பிரிங்_சுவிட்ச்:

ரிலே நல்ல யோசனை. ஆனால் ஹைட்ராலிக் சுவிட்சையே விட்டுவிடுவது அதைவிட நல்லது என்பேன். பிரேக் லைனில் ஓட்டை எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

பைக்குகளில் பின் பிரேக் பெடலுக்கு ஒரு இழு சுவிட்ச் இருக்கும். பிளாஸ்டிக் உடம்பில் மரை, ஒரு பெரிய நட்டு, நுனியில் ஸ்பிரிங். எந்த ஊர் டூவீலர் கடையிலும் கிடைக்கும். ஸ்பிரிங்கை இழுத்தால் கரண்ட் போகும், விட்டால் நிற்கும். அது ஒரு பல்புக்குச் செய்தது, நீங்கள் இரண்டு பல்பு எரிக்கணும். அதனால் மேலே சொன்ன ரிலே கட்டாயம்.

மாட்டும் முறை: 3 மிமீ தடிமன் இரும்புப் பட்டையில் எல் வடிவப் பிராக்கெட். சுவிட்ச் உடம்பு நுழையும் அளவு ஓட்டை. பெடல் கம்பி தரைக்கு மேலே வருகிற இடத்தில், மிதிக்கும்போது கம்பி எந்தத் திசையில் விலகிப் போகுதோ அதற்கு எதிர்ப்பக்கம் பிராக்கெட் நிற்கணும். அப்போதுதான் மிதித்தால் ஸ்பிரிங் இழுபடும். தரைக்கு அடியில் வைத்தால் வேலை சுலபம், ஆனால் தனுஷ்கோடி ரோட்டு மணலும் ஈரமும் அதை விரைவில் முடித்துவிடும். உள்ளேயே வையுங்க. பெடல் கம்பியில் துளை போடாதீங்க, சின்ன கிளாம்ப் போட்டு அதில் ஸ்பிரிங்கை மாட்டுங்க. மிதியின் விசையைத் தாங்கும் கம்பி அது.

நட்டைத் திருப்பி அட்ஜஸ்ட் பண்ணும்போது: பெடலின் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) முடிகிற இடத்தில், டிரம்மில் லைனிங் தொடும் முன்பே லைட் எரியணும். பெடலை விட்டதும் அணையணும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது லைட் சிமிட்டினால் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்க.

கார்களில் வரும் தள்ளு சுவிட்சும் போடலாம், அதாவது பெடல் வந்து முட்டி நிற்கும்போது அணைந்திருக்கும் வகை. ஆனால் அதில் ஒரு ஆபத்து. சுவிட்சை அதிகம் முன்னே தள்ளி வைத்தால் பெடல் முழுதாகத் திரும்பி வராது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் அந்தச் சின்னத் துளையை மூடியபடியே நிற்கும். ஓட ஓட டிரம் சூடாகும், ஆயில் விரியும், திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் தானே பிடிக்கும். ஓடும்போது வண்டி இழுக்கிறது, நிறுத்தினால் நாலு டிரம்மும் கொதிக்கிறது, கொஞ்ச நேரம் ஆறினால் சரியாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இழு சுவிட்சில் இந்த வம்பு கிடையாது.

உச்சிப்புளி_மார்க்3:

அண்ணே, இழு சுவிட்ச் பிடிச்சிருக்கு. அப்படியென்றால் ஜங்ஷன் ஓட்டையை எதால் அடைப்பது? குழாய்க் கடையில் 1/8 பித்தளை பிளக் இருக்கு. இன்னொன்று, ரிலே வேண்டாம், எல்இடி பல்பு போட்டுவிடலாமா?

பித்தளை_பட்டறை:

குழாய்க் கடைப் பிளக் பிஎஸ்பி, தம்பி. மேலே சொன்ன 28 மரை. தண்ணீர்த் தொட்டிக்குச் சரி, பிரேக்குக்கு ஆகாது. லேத்தில் பித்தளைக் கம்பியில் 1/8 என்பிடி டை (மரை வெட்டும் கருவி) வைத்து வெட்டித் தரச் சொல்லுங்க. மரை நீளம் 9, 10 மிமீ, தலை அறுகோணம், உள்ளே துளை எதுவும் கூடாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படகு வேலை செய்யும் லேத்துகளில் பித்தளைக் கம்பி எப்போதும் இருக்கும், கை சுத்தமாகவும் செய்வார்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறி ஷாஃப்ட், புரொப்பெல்லர் வேலை வரிசையில் நிற்கும். உங்கள் விரலளவு பிளக்கை அப்போது யாரும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

மாட்டும் விதம்: பெடலை ஒரு அங்குலம் போல அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக் கொடுங்க. பிஸ்டன் அந்தத் துளையை மூடிக்கொள்ளும், அதனால் ரிசர்வாயரில் உள்ள ஆயில் மொத்தமும் வடியாது. சுவிட்ச் ஒயர்களை முதலிலேயே கழற்றி முனையில் டேப் சுற்றிவிடுங்க. பழையதைக் கழற்றிய கையோடு புதுசை முறுக்குங்க. பெயின்டில் சொட்டினால் துடைப்பதோடு நிற்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்க, இல்லையென்றால் உரியும்.

பிறகு ஏர் எடுத்தே ஆகணும், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றணும். தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஆயில் புது டப்பாவாக இருக்கட்டும். டாட் 3 கொதிநிலை புதுசில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, 155. கடற்கரை ஈரத்தில் திறந்து வைத்த டப்பா அந்தக் கீழ் எண்ணை நோக்கித்தான் போகும். சின்ன டப்பாவாக வாங்கி மிச்சத்தைக் கொட்டிவிடுங்க.

கடைசிச் சோதனை: காகிதத்தை ஜங்ஷனைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒருவர் பெடலை முழு பலத்தில் இரண்டு நிமிடம் மிதித்துப் பிடிக்கணும். பெடல் இறங்கக் கூடாது, காகிதத்தில் ஈரம் கூடாது.

உப்புக்காத்து:

எல்இடி பற்றி: கரண்ட் குறையும், ரிலே மிச்சம், உண்மை. ஆனால் பழைய லென்ஸும் ரிஃப்ளெக்டரும் ஒரு இழையை நடுவில் வைத்துக் கணக்குப் போட்டவை. மலிவான எல்இடி பல்பில் ஒளி நேர் பின்னால் மட்டும் அடிக்கும், பக்கவாட்டில் மங்கும். டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசம் பகலில் தெரியாது. பாசிட்டிவ் எர்த் வண்டியில் பாதி எல்இடி எரியவே எரியாது. பின்னால் வருகிறவர் கண்ணுக்கு எது தெரியுமோ அதைப் போடுங்க. வாங்கினால் ஒரு பக்கம் எல்இடி, மறுபக்கம் பழைய பல்பு மாட்டி, நண்பகல் வெயிலில் 30 அடி தள்ளி நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க.

ஸ்பிரிங்_சுவிட்ச்:

சிவப்பு லைட் கேட்டிருந்தீங்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹேண்ட்பிரேக்குக்குக் கார் கதவில் இருக்கும் உள்லைட் சுவிட்ச் போதும். ஒற்றை ஒயர், உடம்பு எர்த். குமிழ் அமுங்கியிருந்தால் அணைந்திருக்கும், வெளியே வந்தால் எரியும். ஹேண்ட்பிரேக் கம்பி கீழே இறங்கியபோது குமிழை அமுக்கும்படி ஒரு பட்டையில் மாட்டுங்க. கம்பியைத் தூக்கினால் எரியும்.

ஆயில் அளவுக்கு மிதவை வைத்த ரிசர்வாயர் மூடி. பிற்காலக் கார்களில் வருகிறது. மிதவையில் காந்தம், நடுத்தண்டில் ரீட் சுவிட்ச், அதாவது காந்தம் அருகே வந்தால் இயங்கும் சுவிட்ச். வாங்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க: மிதவை மேலே இருக்கும்போது இணைப்பு இல்லாமலும், அடியில் விழுந்ததும் இணைப்பு வந்தும் இருக்கணும். ஆனால் உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், அந்த மூடி அங்கே உட்காராது. மூடியோடு சேர்ந்த சின்ன ரிசர்வாயரை எஞ்சின் அறையில் உயரமாக மாட்டி, பிரேக் ஆயிலுக்கான ஹோஸ் போட்டுக் கீழே கொண்டு வரணும். பெட்ரோல் ஹோஸ் கூடாது. பழைய மூடியின் இடத்தில் ஹோஸ் நிப்பிளோடு ஒரு மூடி லேத்தில் செய்யணும், அடியில் ஈபிடிஎம் வாஷர். பழைய மூடியில் காற்றுத் துளை இருக்கும், புதுசில் கூடாது. காற்று இனி உயரே மாட்டிய ரிசர்வாயரின் மூடி வழியே மட்டும் போகணும். துளையை அப்படியே விட்டால் மேலே ஊற்றியதெல்லாம் கீழே வடியும்.

சாவி போட்டால் வரும் சப்ளையிலிருந்து 2.2 வாட் டேஷ் பல்பு, அதன் மறுமுனையை இரண்டு சுவிட்சுக்கும் கொடுங்க. எது எர்த் ஆனாலும் எரியும். ஹேண்ட்பிரேக் போட்டால் எரிவதால் பல்பு நன்றாக இருக்கிறதா என்ற சோதனையும் அன்றாடம் நடந்துவிடும்.

முத்துக்குளி_75:

இடையில் ஒரு சந்தேகம். கீழக்கரையில் ஒரு 1970களின் டிரையம்ஃப் கார் நிற்குது, இரட்டை லைன். இரண்டு லைனும் ஒரு பித்தளைக் கட்டைக்குள் போகுது, நடுவில் பிளாஸ்டிக் சுவிட்ச், பிரேக் பழுது லைட்டுக்கு. பிளாஸ்டிக் உடைந்துவிட்டது. அதற்கும் இதே ஹைட்ராலிக் சுவிட்ச் போடலாமா?

பித்தளை_பட்டறை:

போடக் கூடாது காக்கா, அது வேறு சாதி. அந்தக் கட்டைக்குள் ஒரு ஷட்டில் பிஸ்டன் இருக்கு. இரண்டு லைனிலும் அழுத்தம் சமமாக இருந்தால் நடுவில் நிற்கும். ஒரு லைன் போனால் அந்தப் பக்கம் ஓடும். பிஸ்டன் நடுவில் பள்ளம், சுவிட்சின் குச்சி நுனி அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் நகர்ந்தால் பள்ளத்தின் சரிவு குச்சியைத் தூக்கும், லைட் எரியும். ஆக சுவிட்ச் இருக்கும் இடம் உலர்ந்த இடம், அங்கே அழுத்தமே வரக் கூடாது. அதனால் மாற்று செய்வதும் சுலபம். நைலான் கம்பியில் அதே மரை, நடுவில் குச்சி, மேலே ஒரு சின்ன மைக்ரோ சுவிட்ச் வைத்தாலும் போதும். குச்சி நீளம் மட்டும் பழையதை வெர்னியரில் அளந்து அப்படியே வரணும். நீண்டால் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும், குறைந்தால் லைட் எரியாது. பிளாஸ்டிக் மரை என்பதால் விரலால் முறுக்கி ஸ்பேனரில் ஒரு தொடு தொட்டால் போதும்.

கழற்றும்போது அந்தக் குழியைப் பாருங்க. உலர்ந்திருந்தால் சுவிட்ச் மட்டும்தான் கோளாறு. ஆயில் நின்றால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, சுவிட்சை மாற்றுவது அதை மூடி மறைப்பதுதான். கட்டையைப் பிரித்து ரிங் மாற்றிய பிறகுதான் சுவிட்ச். ஏர் எடுக்கும் முன் சுவிட்சைக் கழற்றி வையுங்க. ஏர் எடுக்கும்போது பிஸ்டன் ஒரு பக்கம் ஓடிக் குச்சி நுனியை வெட்டிவிடும், உங்களுடையது உடைந்ததும் அப்படித்தான் இருக்கும்.

உச்சிப்புளி_மார்க்3:

நன்றி அண்ணே. லேத்தில் பிளக் வர நாளாகும் போல. அதுவரை பழைய சுவிட்சை ஒயர் கழற்றி அடைப்பாக அப்படியே விட்டு, இழு சுவிட்ச் மட்டும் மாட்டி ஓட்டலாமா?

பித்தளை_பட்டறை:

முனை உலர்ந்த சுவிட்ச் என்றால் சரி என்பேன். உங்களுடையது கசிகிறது என்று நீங்களே எழுதியிருக்கீங்க. பிசுபிசுப்பாக வருகிறவரை சவ்வில் ஊசித்துளை. அடுத்த ஓங்கிய மிதியில் அது கிழிசல். பிளக் வரும்வரை வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். அவசரம் என்றால் அதே மரையில் எந்தப் பழைய ஹைட்ராலிக் சுவிட்சாவது வாங்குங்க, உள்ளே தகடு கருகியிருந்தாலும் பரவாயில்லை. மேலே சொன்ன இரண்டு நிமிட மிதியில் சொட்டு வராவிட்டால் அது பிளக்குக்குச் சமம்.